மகளுக்கு: காதல் போதுமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். "நாங்கள் ஒருவரையொருவர் விரும்புகிறோம், கல்யாணம் செய்துகொள்ளும் உரிமைக்கு அது போதாதா, அப்பா?" என்று எழுதியிருந்தாய். போதாது என்றுதான் நினைக்கிறேன்; ஆனால் உன் பெரியப்பா சொல்லும் காரணத்துக்காக அல்ல.

பதிவுத்துறையில் இருந்தவன் என்பதால் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இருவரும் வெவ்வேறு மதத்தினர் என்பதால், மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே பொதுவான வழி. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்கிறதா, உயிரோடிருக்கும் வேறு துணை உண்டா, சம்மதம் தரும் மனநிலை இருக்கிறதா, விலக்கப்பட்ட உறவுமுறையா என்றெல்லாம் பார்க்கும் அச்சட்டம், இருவருக்கும் நேசம் உண்டா என்று ஓரிடத்திலும் கேட்பதில்லை. கேட்காததே நல்லது. கேட்டிருந்தால், உங்கள் அன்பு மெய்யா மயக்கமா என்று சோதிக்கும் அதிகாரம் வேறு யார் கைக்கோ போயிருக்கும். ஹாதியா வழக்கில் வயது வந்த ஒரு பெண்ணின் திருமணத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 2017இல் செல்லாதென்று அறிவித்தது; மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, விரும்பியவரை மணப்பது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றது.

அன்புதான் அடித்தளம் என்றால் 2023 அக்டோபரில் திருமண உரிமை கேட்டுப் போன தன்பாலின இணையர் அதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருக்க மாட்டார்கள். அவர்களுடைய அன்பை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் திருமணம் அடிப்படை உரிமை ஆகாது என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். இருக்கும் சட்டத்துக்குள் துணையைத் தேர்வதில் பிறர் தலையிடக் கூடாது என்பது ஒன்று, இல்லாத சட்டத்தைத் தரச் சொல்வது வேறு என்பது அதன் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பில் நிறைவில்லை.

ஆகவே பெரியப்பாவிடம் காதலைச் சொல்லி வாதாடாதே. காதல் வடிந்துவிடும் என்பார்; வடியவும் கூடும், அதனால் உரிமை வடிந்துவிடாது. தாலி கட்டிய நாளில் உன் அம்மாவும் நானும் சரியாகப் பேசியதுகூட இல்லை. எங்கள் உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. நீ வயது வந்தவள், உன் சம்மதம் உன்னுடையது என்று மட்டும் சொல்.

இனி நடைமுறை: மணக்கப் போவதாகத் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்கும் மாவட்டத்தில் உங்களில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் வசித்திருக்க வேண்டும். கொடுத்த பின் இன்னும் 30 நாள் ஆட்சேபணைக்கு உண்டு. மேலே சொன்ன நிபந்தனைகள் மீறப்பட்டால்தான் ஆட்சேபணை நிற்கும், குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை என்பது நிற்காது. மூன்று சாட்சிகள் வேண்டும். ஒருவர் நான்; மற்ற இருவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அப்பா