பிரதான மானிக்கும் வீட்டு மானிகளுக்கும் இடையில் தொலையும் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உவர்மலை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் ஒரே வளவுக்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் தொடர்மாடிகளில் மாத முடிவு வந்தால் தண்ணீர்க் காசு, கரண்ட் காசுச் சண்டையும் கூடவே வரும். நிர்வாக சபை காசை எங்கோ விட்டுவிட்டது என்பார்கள் வீட்டுக்காரர்கள். கட்டாதவர்களால்தான் கூடுகிறது என்பார்கள் சபையினர். இரு பகுதியும் கேட்காமல் விடுவது ஒரேயொரு எண்ணைத்தான்: கட்டடம் முழுவதற்குமான பிரதான மானி காட்டிய அலகுகளிலிருந்து வீட்டு மானிகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வரும் வித்தியாசம். பெரும்பாலான சபைகள் அந்த வித்தியாசத்தை அலகு விலைக்குள் கரைத்துவிடுகின்றன. அதை மாதச் சிட்டையில் தனி வரியாக எழுத வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

வித்தியாசம் என்றதும் களவு என்று நினைக்க வேண்டியதில்லை. நீர் வழங்கல் சபையின் மானி வாசிப்பவர் ஒரு திகதியில் வருவார், காவலாளி வீட்டு மானிகளை வேறொரு திகதியில் வாசிப்பார். ஐந்தாறு நாள் இடைவெளியே கணக்கைக் குழப்பப் போதும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் குழாயில் அமுக்கம் குறைந்து பவுசர் தண்ணீர் வாங்கினால் அது பிரதான மானியைத் தொடாமல் நிலத்தடித் தாங்கிக்குள் போகும். அந்த மாதம் வீட்டு மானிகளின் கூட்டுத்தொகை பிரதான மானியைவிடக் கூடுதலாகக்கூட வரலாம். ஆகவே பவுசரின் லீற்றர் அளவும் விலையும் சிட்டையில் இருக்க வேண்டும். மெல்லிய ஒழுக்கைச் சிறிய மானிகள் பதிவதில்லை என்பதும் உண்டு. மலசலகூடத் தொட்டியில் மணிக்கு 5 லீற்றர் ஒழுகினால் மாதம் 3600 லீற்றர், அதாவது 3.6 அலகு. அந்த ஒழுக்குக்கு வீட்டு மானி அசையாமலே இருக்கலாம். காசை மற்ற எல்லாரும் கட்டுவார்கள்.

உண்மையான கசிவைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போதும். நிலத்தடித் தாங்கியும் மேல்தாங்கியும் நிரம்பிய பிறகு மோட்டரை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டு வால்வையும் பூட்டுங்கள். இந்நிலையில் பிரதான மானியின் சின்னச் சக்கரம் சுழன்றால், மானிக்கும் நிலத்தடித் தாங்கிக்கும் இடைப்பட்ட குழாயில் கசிவு இருக்கிறது, அல்லது தாங்கியின் மிதவை வால்வு சரியாக மூடவில்லை, அல்லது தாங்கியே ஒழுகுகிறது. அடுத்து, நிலத்தடித் தாங்கிக்குள் வரும் வால்வையும் பூட்டிவிட்டு இரு தாங்கிகளின் நீர்மட்டத்தையும் சோக்கால் குறியுங்கள். 2 மீற்றருக்கு 2 மீற்றர் நிலத்தடித் தாங்கியில் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் 40 லீற்றர் போயிருக்கிறது, தாங்கியில் வெடிப்பு. மேல்தாங்கி மட்டும் இறங்கினால் வீடுகளுக்கு இறங்கும் குழாயைப் பார்க்க வேண்டும். மேல்தாங்கி இறங்கி நிலத்தடித் தாங்கி ஏறினால், ஏற்றும் குழாயின் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. அப்படியானால் ஏற்றிய தண்ணீரையே மோட்டர் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும், அந்தச் செலவு பொது மின்பட்டியலில் வரும்.

மோட்டரின் செலவையும் சரிபார்க்கலாம். 15 மீற்றர் உயரத்துக்கு ஆயிரம் லீற்றர் ஏற்றச் சிறிய மோட்டருக்கு 0.10 முதல் 0.15 வரையான மின் அலகு போதும். மாதம் 180 அலகு தண்ணீர் என்றால் 18 முதல் 27 மின் அலகு. மோட்டருக்கென்று 150 அலகு போடப்பட்டிருந்தால், விளக்கம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மின்சாரத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. பெரிய மின்னோட்டத்தைக் குறைத்து மானிக்குக் கொடுக்கும் 100/5 மின்னோட்ட மாற்றி பொருத்திய மானியின் வாசிப்பை 20ஆல் பெருக்க வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது இந்தப் பெருக்கெண் எங்கேனும் தவறிப்போய், சில மாதங்களுக்குப் பின் 'நிலுவை' என்று பெருந்தொகை வந்து விழுகிறது. உப்புக்காற்றில் மானியின் கண்ணாடி மங்கி 3ஐ 8ஆக வாசிப்பதும் நடக்கக்கூடியதே. அதனால்தான் எழுதிய எண் போதாது, வாசித்த நாளில் எடுத்த படம் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தொகை ஒளிந்திருப்பது கட்டணப் படிநிலையில். கணக்குக்காக விலைகளை இப்படி வைத்துக்கொள்வோம்: முதல் 10 அலகுக்கு அலகொன்று 20 ரூபாய், அடுத்த 10 அலகுக்கு அலகொன்று 50 ரூபாய், அதற்கு மேல் அலகொன்று 100 ரூபாய். மாதம் 15 அலகு எடுக்கும் வீடு 450 ரூபாய் கட்டும், 12 வீடுகளுக்கு 5400. அதே 180 அலகும் ஒரே மானியில் ஒரே வீடாகக் கணக்கிடப்பட்டால் 16,700 ரூபாய், மூன்று மடங்குக்கும் மேல். இதில் ஒரு சதத்தைக்கூட யாரும் எடுக்கவில்லை. ஆனால் பட்டியலில் எந்தப் பாவனையாளர் வகை, எத்தனை குடியிருப்பு என்று பதிவாகியிருக்கிறது என்பதைச் சபை ஒருபோதும் காட்டாவிட்டால், வீட்டுக்காரர் சந்தேகப்படத்தான் செய்வார். அந்தப் பதிவைச் சரிபார்ப்பதும், தனித்தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பதும் சபையின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவான கட்டடத்தில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்பது எல்லா உரிமையாளரும் சேர்ந்த சட்ட அமைப்பு. தலைவரின் வீட்டு அலுமாரி அதன் பதிவேட்டறை அல்ல. மாடிப்படி விளக்கு, மோட்டர், காவல் போன்ற பொதுச் செலவை உரிமையாளரின் பங்கு அளவுப்படியும், வீட்டுப் பாவனையை மானிப்படியும் பிரிக்க வேண்டும். இரண்டையும் கலந்து 'வீட்டுக்கு இவ்வளவு' என்று போடுவது, வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீட்டுக்கும் ஆறு பேர் வாழும் வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் காசு என்றாக்கிவிடும். சபை பிந்திக் கட்டியதால் வந்த மேலதிகக் கட்டணத்தை நேரத்துக்குக் கட்டியவர்களின் தலையில் போடுவதும் நியாயமில்லை.

தொகையில் தகராறு உள்ளவர்கள் முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டாம், அது சபையின் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதாகிவிடும். ஏற்கும் பகுதியைக் கட்டி, பற்றுச்சீட்டில் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதுவித்து, எந்த வரி, எத்தனை அலகு பிழை என்று செயலாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் கொடுங்கள். பிரதான இணைப்பின் பட்டியல்களைச் சபை காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீர் வழங்கல் சபையிடமே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அதற்கும் பிறகு தொடர்மாடிகளின் நிர்வாகத்தைக் கவனிக்கும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது, மத்தியஸ்த சபை இருக்கிறது.

சபைகளிடம் கேட்பது ஒரு தாள்தான். பிரதான மானியின் படமும் பட்டியலின் பிரதியும், அன்றைய வீட்டு வாசிப்புகள், பவுசர் அளவு, ஜெனரேற்றர் ஓடிய மணித்தியாலமும் ஊற்றிய டீசலும், கீழே வித்தியாச அலகு, அது எப்படிப் பகிரப்பட்டது என்ற ஒரு வரி. மாதத்தின் 10ஆம் திகதிக்குள் அதைப் படிக்கட்டடி அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.