விலையை எழுதி மாட்டுங்கள்: பாங்காக் சந்தைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

உங்களை 'பீ' என்றும் 'பா' என்றும் 'லுங்' என்றும் கூப்பிட்டுப் பழகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அக்கா, பெரியம்மா, பெரியப்பா என்று கூப்பிடுவது மாதிரியேதான் இங்கேயும் கூப்பிடுகிறார்கள் என்று வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். அன்றைக்கே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. இந்தக் கடிதத்தைத் தமிழில்தான் எழுதுகிறேன், மனதில் இருப்பது எனக்கு அதில்தான் முழுசாக வரும். பக்கத்து வீட்டுத் தோழி உங்கள் மொழியில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டையும் சந்தை வாசலில் ஒட்டுவதாக இருக்கிறோம்.

போன ஏப்ரலில் என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். உங்கள் புத்தாண்டான சோங்க்ரானும் எங்கள் சித்திரை முதல் நாளும் ஒட்டியே வரும். அன்று எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடி வைத்தாக வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே சந்தைக்குப் போனோம், பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தீர்கள். நான் ஒரு கடை தள்ளிக் கொத்தமல்லி பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா மாங்காய்க் கடையில் நின்றார். அவருக்கு முன்னால் இருந்த பெண்மணியிடம் கடைக்காரப் பெரியம்மா "ஸீ ஸிப்" என்றது என் காதில் விழுந்தது. கிலோ நாற்பது. அடுத்து என் அம்மா. புடவை, நெற்றியில் பொட்டு. பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்து 80 என்று தட்டி அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். அதே கூடை, அதே மாங்காய், அதே ஒரு கிலோ. அம்மா நூறு பாட் நோட்டை நீட்டினார், மீதி இருபதை வாங்கிக்கொண்டார், உங்கள் வழக்கப்படி கைகூப்பி ஒரு வணக்கமும் வைத்துவிட்டு வந்தார்.

நாற்பது பாட்டால் எங்கள் வீட்டில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த வணக்கம்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. விலை கேட்டவருக்கு விலை சொல்லிவிட்டார்கள் என்று நம்பி, நன்றியோடு வைத்த வணக்கம் அது. அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

என் தாத்தா கும்பகோணத்தில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கோயில் ஊர் அது, நாளெல்லாம் வெளியூர்க்காரர்கள் வந்து போவார்கள். கடை முகப்பில் ஒரு சிலேட்டுத் தொங்கும், அதில் அன்றைய விலையைச் சாக்கட்டியால் எழுதியிருப்பார். உள்ளூர்க்காரருக்கும் அதுதான், பஸ் ஏறி வந்தவருக்கும் அதுதான். வாடிக்கைக்காரருக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் கொசுறு உண்டு: ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய், பிள்ளையின் கையில் ஒரு கேரட். உங்களிடமும் இது உண்டே! 'தேம்' என்கிறீர்கள். ரம்புட்டான் கிலோ போட்டபின் மேலே நாலு பழம் வைத்துச் சிரிக்கிறீர்களே, அதுதான் எங்கள் கொசுறு.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். 2019இல் ஏறக்குறைய 4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். 2021இல் 5 லட்சம்கூட வரவில்லை. அந்த இரண்டு வருடமும் நான் இங்கேதான் இருந்தேன். பாதிக் கடைகளின் மேல் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. இளநீர் விற்ற பெரியப்பா முகக்கவசம் விற்றார், பிறகு அவரையும் காணோம். ஒரு நாள் கீரைக்கார அக்கா என்னிடம் காசு வாங்க மறுத்து, "நீதான் தினமும் வருகிறாய்" என்றார். அன்றைக்கு நான் வெளிநாட்டுக்காரி இல்லை. வாடகை ஏறியிருக்கிறது, எண்ணெய் ஏறியிருக்கிறது, ஒரு கூட்டம் வந்தால்தான் கடன் அடையும் என்பதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன். 1569 என்ற எண்ணுக்குப் போன் அடித்து உள்நாட்டு வணிகத் துறையிடம் புகார் சொல் என்று இரண்டு பேர் சொன்னார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி விலையை எழுதி வைக்காத கடைக்கு 10,000 பாட் வரை அபராதம் போடலாமாம். மாங்காய்ப் பெரியம்மாவுக்குப் 10,000 பாட் என்றால் எத்தனை நாள் உழைப்பு? நான் அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உங்களில் சிலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அவர்களிடம் பணம் இருக்கிறது. கஷ்டப்படுகிற நம் ஆளுக்குக் குறைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்." நல்ல மனசு அது. ஆனால் யாரிடம் பணம் இருக்கிறது என்று முகத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மியன்மாரிலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கிற பையனும் வெளிநாட்டுக்காரன்தான். பாங்காக்கின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையிலிருந்து நாளுக்கு 400 பாட், அதுவே அவன் கைக்கு முழுசாக வருகிறதோ என்னவோ. அவன் வாய் திறந்ததும் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். பென்ஸ் காரை ஓரம்கட்டிவிட்டு இறங்கி வருகிற உங்கள் ஊர்க்காரருக்கோ நாற்பதுதான்.

என் தோழி ஒருத்தி, பாங்காக்கில் இந்தியர் கடைகள் நிறைந்த பாஹுராட்டில் துணிக்கடை வைத்திருக்கும் இந்தியக் குடும்பத்துப் பெண். கொள்ளுத்தாத்தா காலத்தில் வந்தவர்கள். அவள் பிறந்தது, படித்தது, ஓட்டுப் போடுவது எல்லாம் இங்கே. அவளுக்குக் கனவு வருவதே உங்கள் மொழியில்தான். ஆனாலும் ஊருக்கு வெளியே எந்தச் சந்தைக்குப் போனாலும் முதலில் அவள் முன் நீளுவது கால்குலேட்டர்தான். அவள் பேசத் தொடங்கியதும் விலை இறங்கும், கூடவே ஒரு சிரிப்பு, ஒரு "மன்னிக்கணும்மா". "நாற்பது வருஷமா என் சொந்த ஊர்ல நான் யாருன்னு நிரூபிச்சுத்தான் தக்காளி வாங்குறேன்" என்று ஒருமுறை சொன்னாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

எங்களை நீங்கள் அழைக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கேக்' என்கிறீர்கள். எங்கள் தோலைப் பார்த்துச் சொல்லும்போது சிலருக்கு அது சுருக்கென்று தைக்கும். எனக்குத் தைப்பதில்லை, ஏனென்றால் அதே சொல்லுக்கு உங்கள் மொழியில் விருந்தாளி என்றும் பொருள். சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலை 'வாட் கேக்' என்றுதானே சொல்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை அங்கே போனால் பூத்தட்டோடு நிற்பவர்களில் பாதிக்கு மேல் நீங்கள்தான். நுழைவுக்குக் காசு கிடையாது, எந்த நாடு என்று யாரும் கேட்பதும் கிடையாது.

அரசாங்கமே இரண்டு விலை வைக்கிறதே என்பீர்கள். வைக்கிறதுதான். காவ் யாய் தேசியப் பூங்காவில் உங்களுக்கு 40 பாட், எங்களுக்கு 400. பெரிய அரண்மனைக்கு உங்களுக்கு இலவசம், எங்களுக்கு 500. எங்கள் நாட்டிலும் இப்படித்தான். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அங்கே ஒரு சேதி உங்களுக்குத் தெரிந்திருக்காது: வங்காள விரிகுடாப் பக்கத்து நாடுகள் சேர்ந்த பிம்ஸ்டெக் அமைப்பில் தாய்லாந்தும் இருப்பதால் நீங்கள் வந்தால் எங்களோடு சேர்த்து அதே 40 ரூபாய்தான். வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன். பூங்காவும் அரண்மனையும் உங்கள் வரிப்பணத்தில் நிற்பவை, அதனால் உங்களுக்குச் சலுகை இருப்பதில் எனக்குக் குறையே இல்லை. அங்கே கட்டணத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு உள்ளே போவதும் திரும்புவதும் என் இஷ்டம். (உங்கள் கட்டணத்தை மட்டும் உங்கள் மொழியின் எண் குறிகளில் எழுதுவதுதான் கொஞ்சம் வருத்தம். நான் அந்தப் பத்து எண்களையும் படித்துவிட்டேன். அவற்றுக்கும் எங்கள் பழைய தமிழ் எண்களுக்கும் மூலம் ஒன்றுதான்.) மாங்காய் அப்படியில்லை. அதை அரசாங்கம் நட்டு வளர்க்கவில்லை, என் அம்மா வாங்கிய ஒரு கிலோவுக்கு உங்கள் வரிப்பணமும் போகவில்லை.

கஷ்டப்படுகிறவருக்குக் குறைத்துக் கொடுக்க நல்ல வழியும் இங்கேயே இருந்தது. 2020இல் அரசாங்கம் கொண்டுவந்த 'ஆளுக்குப் பாதி' திட்டத்தில் நீங்களும் சேர்ந்திருந்தீர்கள். உங்கள் குடிமக்கள் போனில் பாதி கட்டுவார்கள், ஒரு நாளைக்கு 150 பாட் வரை மீதிப் பாதியை அரசாங்கம் உங்களுக்குக் கொடுக்கும். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்று முழு விலையும் கொடுத்து வாங்கினேன். ஒரு நாளும் எனக்கு அது அநியாயமாகப் படவில்லை, ஏனென்றால் கடையின் விலை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

அப்புறம், உங்கள் பிழைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். இந்த நாட்டில் 15,000க்கும் மேல் செவன் இலெவன் கடைகள் இருக்கின்றன. என்னைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், ஒரு சந்தையில் ஒரு தடவை ஏமாந்தால் மறுநாளிலிருந்து அங்கேதான் போகிறார்கள். தண்ணீர், பழம், சாப்பாடு எல்லாமே பிளாஸ்டிக்கில் சுற்றியது. "ருசி சுமார்தான், ஆனா விலை ஒட்டியிருக்கு" என்கிறார்கள். ஒருவரிடம் கூடுதலாக வாங்கிய நாற்பது பாட்டுக்காக, அவர் இருக்கும் பத்து நாளும் வாங்கியிருக்கக்கூடிய பழமும் நூடுல்ஸும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போகிறது. 2024இல் மட்டும் இந்தியாவிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் விலை எழுதிய சிலேட்டைப் பார்த்துக் காய் வாங்கி வளர்ந்தவர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். கூடையில் ஒரு அட்டையைக் குத்தி விலையை எழுதுங்கள். இரண்டு மெனு அட்டை வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்களே, மொழி இரண்டாக இருக்கட்டும், விலை ஒன்றாக இருக்கட்டும். ஒரு சாப்பாட்டுக்கு அறுபது பாட் போதவில்லையென்றால் எழுபது என்று எழுதுங்கள், எல்லாருக்கும் எழுபது. நான் கொடுக்கிறேன். வாடிக்கைக்காரருக்குக் குறைப்பதென்றால் தாராளமாகக் குறையுங்கள், அந்த வாடிக்கைக்காரர் மியன்மார் பையனாக இருந்தாலும் குறையுங்கள். நான் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். எழுதிய விலையைக் கொடுத்துவிட்டுக் கொசுறுக்குக் கை நீட்டுவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மா இந்தச் சித்திரைக்கும் வருகிறார். "அந்த மாங்காய்க்காரம்மா நல்லா இருக்காங்களா?" என்று போன வாரம் போனில் கேட்டார். மாங்காய் நன்றாகப் புளித்ததாம், பச்சடி அவர் கைக்கு அப்படி அமைந்ததே இல்லையாம். மறுபடியும் அதே கடைக்குத்தான் கூட்டிவருவேன். பெரியம்மா, நான் பக்கத்துக் கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கைக்காரி