ஐம்பது புளியங்கொட்டை

காரைக்குடியிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் இருக்கும் என் மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதத்தோடு போட்டிகளில் ஓடுவதை நிறுத்திக்கொண்டேன். பதினாறு வருஷ ஓட்டம். 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் வாங்கிய மெடல்களைப் பற்றிப் பேப்பரில் வந்துவிட்டது. அதில் பெயர் வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் என் அப்பத்தா. 10,000 மீட்டர் என்றால் 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. எங்கள் பள்ளி மைதானத்தில் 200 மீட்டருக்குத்தான் சுண்ணாம்புக் கோடு போட இடம் இருந்தது. ஆக, 50 சுற்று. பாதியில் கணக்கு விட்டுப்போகும், எனக்கு அழுகை வந்துவிடும். ஒருநாள் அப்பத்தா ஐம்பது புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் ஒரு கொட்டையை எவர்சில்வர் டம்ளரில் போடுவார். முதல் சில கொட்டைகள் 'ணங்' என்று விழும். போகப் போக, கொட்டை மேல் கொட்டை விழுந்து சத்தம் அடங்கிவிடும். அதை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்வேன். கடைசி அஞ்சு கொட்டைக்கு எழுந்து நின்றுவிடுவார். "இன்னும் அஞ்சுதான் ஆத்தா, விட்றாத!"

பின்னால் ஒரு போட்டியில் கடைசிச் சுற்று மணியை ஒரு சுற்று முன்னாடியே அடித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் ஓடிய இரண்டு பெண்களும் இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஓடி, கோட்டில் நின்றுவிட்டார்கள். என் கணக்கில் இன்னும் ஒரு கொட்டை பாக்கி. நிற்காமல் ஓடினேன். அதுதான் என் முதல் தங்கம். அந்த இரண்டு பேருக்கும் நடந்தது அநியாயம். இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

அப்புறம், பால்கார அண்ணன். விடியற்காலை நாலரை மணிக்குக் குன்றக்குடி சாலையில் தனியாக ஓட வீட்டில் விடவில்லை. "நான் பின்னாடி வர்றேன், பிள்ளைய விடுங்க" என்று சொல்லி, டிவிஎஸ் 50 வெளிச்சத்தை என் காலடியில் விழவிட்டு நாலு வருஷம் மெதுவாகவே வந்தார். பால் தாமதமானதற்கு ஒருநாளும் முகம் சுளிக்காத வீடுகளுக்கும் என் நன்றி.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில் வந்த ஒரு பெரியவர் என் கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "தோலைப் பிய்க்காதே, ஓரத்தில் குத்தி நீரை மட்டும் எடு, நடக்கும் முன்னாடியே விளக்கெண்ணெய் தடவு" என்றார். கடைசிப் போட்டி வரை தடவினேன்.

பெரிய வீட்டு ஆச்சிக்கு என்ன சொல்ல? ஓடிவிட்டு வந்தால் வளவில் ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சியில் உட்காரவைத்து, உப்புப் போட்ட நீராகாரம் கொடுப்பார். என் முதல் ஸ்பைக்ஸ் ஷூ அவர் வாங்கிக் கொடுத்தது.

2016 தெற்காசியப் போட்டியில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து சூர்யா 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய செய்தியை வெட்டி, மைதானத்து அறைக் கதவில் ஒட்டிய பி.டி. சாருக்கும் நன்றி. தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் ஓடப் போவேன்.

அப்பத்தா இப்போது இல்லை. டம்ளர் என்னிடம் இருக்கிறது. அதே மைதானத்தில் இப்போது ஆறு பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். வரும் சனிக்கிழமை காலை அஞ்சரைக்கு ஐம்பது கொட்டையோடு வேப்பமரத்தடியில் இருப்பேன்.