பட்டனை நான் பொய்யாகத்தான் அழுத்தினேன்

தங்கம்,

நேற்று ஃபோனில் நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. இந்த வருடமும் சி.ஏ.ஓ.வில், அந்தக் கல்லூரி விண்ணப்ப அலுவலகத்தில், மெடிசினுக்குப் போடப் போகிறேன் என்றாய், அது மட்டும் தெளிவாக விழுந்தது. மீதியை உன் அம்மா கத்திச் சொன்னாள். நேரில் பேசினால் நான் குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று உனக்கே தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடமாகக் கோயிலில் யார் கேட்டாலும் "மகள் டர்பனில் டாக்டருக்குப் படிக்கிறாள்" என்றுதான் சொல்லி வந்தேன். நீ படிப்பது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜி, அதைச் சொன்னால் யாருக்குப் புரியும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு. மெடிசினை முதலாவதாக எழுதி, மூன்றாவதாக எழுதியது கிடைத்தபோது என் முகம் தொங்கிப்போனது, அதை நீ பார்த்துவிட்டாய். அன்றிலிருந்து வருடா வருடம் எனக்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறாயோ என்று ஒரு சந்தேகம்.

இந்த டாக்டர் பைத்தியம் நம் வீட்டுக்கு என்னோடு வந்ததும் இல்லை. நான் கும்பகோணத்திலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோதே உன் தாத்தா அதைப் பத்திரமாக வைத்திருந்தார். 1951இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று டர்பனில் மருத்துவக் கல்லூரி திறந்தபோது அவர் அரைக்கால் சட்டைப் பையன். வயது வந்தபோது அங்கே இடம் கிடைக்கவில்லை. 1961இல் துறைமுகத்துக்குள்ளேயே சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் இந்தியருக்கென்று ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள், அதற்குப் படகில் போய்ப் படித்து வாத்தியார் ஆனார். அந்தக் கல்லூரிதான் பிறகு வெஸ்ட்வில் மேட்டுக்கு ஏறி, 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உன் யுனிவர்சிட்டி ஆனது. தாத்தா படகில் நனைந்துகொண்டு போனார், நீ ரெசிடென்ஸில் வைஃபை சரியில்லை என்கிறாய். சரி, அதை விடு.

போன மாதம் உங்கள் கிளினிக்கில் என்னை அந்தச் சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாயே. சிவப்பு ஹெட்ஃபோன் வலது காதுக்கு, நீலம் இடதுக்கு, "பீப் கேட்டா மட்டும் பட்டனை அமுக்குங்கப்பா" என்றாய். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் அழுத்தினேன். அப்புறம் சத்தமே வரவில்லை, ஆனால் கண்ணாடி வழியாக உன் தோள் லேசாக அசைவது தெரிந்தது. தோள் அசைந்தால் பீப் என்று கணக்குப் போட்டு அழுத்தினேன். தாளக்காரனிடம் தாளம் போட்டால் பிடித்துக்கொள்ள மாட்டானா? நீ ஒன்றுமே சொல்லவில்லை. வந்து நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டுப் போனாய், அவ்வளவுதான். உங்கள் மேடம் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு அந்தப் படத்தைக் காட்டினாய். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்து 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சத்தம் வரும் இடத்தில் இரண்டும் பள்ளத்தில் விழுகின்றன. இடது காது இன்னும் ஆழம், நான் மேளம் வாசிக்கும்போது நாயனக்காரர் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பார். உள்ளே இருக்கும் மெல்லிய முடி போன்ற செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது என்றாய். உன் அம்மா வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள் என்று பத்து வருடமாக நான் சண்டை போட்டிருக்கிறேன். அவள் முணுமுணுக்கவே இல்லை!

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கோயில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாரே பாபா, அவரைப் பற்றி. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்து மாதக்கணக்கில் ஊசி போட்டுத் திரும்பி வந்தவர். வந்த பிறகு ஸூலுவில் "சாவுபோனா" என்று வணக்கம் சொன்னால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். உடம்பு தேறியதும் திமிர் வந்துவிட்டது என்று நானும் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். நீ லெக்சர் முடிந்து வந்து ஒரு நாள் சும்மா சொன்னாய், கானமைசின் ஊசி நோயைக் கொல்லும்போதே சிலருக்குக் காதையும் சேர்த்து வாங்கிவிடும், அதனால்தான் 2018இல் இந்த நாட்டில் அதை விட்டுவிட்டுப் பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறினார்கள் என்று. பாபாவுக்கு ஊசி போட்டது அதற்கு முன்னால். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் காசு விஷயமும் யோசித்தேன். என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அந்த அரசு உதவித்தொகை முதல் டிகிரிக்குத்தான் கொடுக்கும், இதை முடித்துவிட்டு மெடிசின் என்றால் கையை விரித்துவிடும். இங்கே இன்னும் ஒரு வருடம், பிறகு கவர்மெண்ட் அனுப்பும் ஊரில் ஒரு வருடம் கம்யூனிட்டி சர்வீஸ், அதற்குப் பிறகுதான் சொந்தமாகத் தொழில் செய்யலாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். மெடிசின் உனக்கே வேண்டும் என்றால் போடு, கடனோ உடனோ பார்த்துக்கொள்ளலாம். என் முகத்துக்காக என்றால் போடாதே. என் முகம் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாபாவிடம் போனேன். நீ சொன்ன மாதிரி வெளிச்சம் என் முகத்தில் விழும்படி எதிரில் நின்று, மெதுவாக, கத்தாமல் பேசினேன். "உயேஸ்வா?" என்று கேட்டேன். கேட்கிறதா, புரிகிறதா இரண்டுக்கும் ஸூலுவில் ஒரே சொல்தானாமே, உன் ஸூலு பாடப் புத்தகத்தில் பார்த்தேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன், உதட்டைப் பார்த்தார், பிடிபடவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து ஆடியாலஜிஸ்ட் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்தக் கிழமை வந்தால் உன்னைப் பார்க்கலாம் என்று கேட்டார்.

கிழமையைச் சொல். வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது வீடியோவில் கூப்பிடு, உன் வாய் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா
பீட்டர்மாரிட்ஸ்பர்க்