பழைய பாஞ்சோவுக்கு மெருகு வேண்டாம், விவரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய இசைக்கருவிகளைச் சேகரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், பாஞ்சோ (வட்ட உடலில் தோல் போர்த்தி, நீண்ட கழுத்தில் தந்தி கட்டிய அமெரிக்க வாத்தியம்) பற்றிய பத்தி வாங்குபவருக்கும் நஷ்டம், விற்பவருக்கும் நஷ்டம் என்கிற மாதிரி அமைந்துவிட்டது. வயது ஏற ஏற விலையும் ஏறும் என்றும், விற்குமுன் உலோகப் பாகங்களைப் பளபளவென்று தேய்த்துவிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் தவறு.

முதலில் வயது. 1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்கள் கேட்டதெல்லாம் நான்கு தந்தி டெனர் பாஞ்சோ. கிப்சன், வேகா, பேக்கன் அண்ட் டே, பாரமவுண்ட் என்று தயாரிப்பாளர்கள் எல்லாரும் அதைச் செய்து குவித்தார்கள். கிட்டார் வந்து அந்த இடத்தைப் பிடித்ததும் அவை பரணுக்குப் போயின. அதனால் நல்ல டெனர் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதே பட்டறையில் அதே ஆண்டுகளில் செய்த ஐந்து தந்தி பாஞ்சோவோ அரிது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கிப்சனின் உயர்ரக மாதிரியான மாஸ்டர்டோனில் தட்டை வகை டோன் ரிங்கும் (தோலுக்கு அடியில் இருக்கும் உலோக வளையம்) ஆலையிலேயே பொருத்திய ஐந்து தந்திக் கழுத்தும் சேர்ந்திருந்தால் விலை பல மடங்கு தாண்டிவிடும்.

இங்கேதான் வம்பு தொடங்குகிறது. டெனரானாலும் ஐந்து தந்தியானாலும் மாஸ்டர்டோனின் உடல் ஒன்றே. விட்டம் 11 அங்குலம். டெனர் கழுத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்த ஐந்து தந்திக் கழுத்தை மாட்டினால் வாசிக்க அருமையான கருவி கிடைக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை அசல் என்று விற்பது ஏமாற்று. உடலாக அமையும் மரவளையத்தின் உட்புறத்து எண்ணும், பின்புறம் மூடும் மரத்தட்டான ரெசனேட்டரின் உட்புறத்து எண்ணும் ஒத்துப்போனால் போதுமென்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த ஒற்றுமை உடலுக்குத்தான் சாட்சி, கழுத்துக்கு அல்ல. கழுத்தின் அடி உடலோடு சேரும் இடத்தில் புது மரத்தின் நிறம் தெரிகிறதா, ஓரக் கட்டின் செல்லுலாய்டு (பழங்கால பிளாஸ்டிக்) ரெசனேட்டரில் உள்ளதைப் போலவே பழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேகாவில் சோதனை எளிது. ஃபேர்பாங்க்ஸ் நிறுவனத்தை 1904இல் வாங்கிய வேகா, 1901இல் வந்த ஒயிட் லேடி மாதிரியையும் தொடர்ந்து செய்தது, 1909இல் டியூபஃபோன் மாதிரியையும் கொண்டுவந்தது. இவற்றில் கழுத்தோடு சேர்ந்து உடலுக்குள் ஓடும் குறுக்குக் கட்டையிலும் மரவளையத்திலும் ஒரே எண் பொறித்திருக்கும். கட்டையில் எண் இல்லாவிட்டாலோ வேறு எண் இருந்தாலோ கழுத்து மாறியிருக்கக்கூடும். எண் சரியாக இருந்தாலும் கட்டை கழுத்தோடு சேரும் மூட்டை விளக்கடித்துப் பாருங்கள். பழைய கட்டையைப் புதுக் கழுத்தில் ஒட்டியும் தருவார்கள்.

அடுத்து மெருகு. பழைய நிக்கல் பூச்சு மெல்லியது, பொன் பூச்சு அதைவிட மெல்லியது. மெருகுப் பசையிட்டுத் தேய்த்தால் பொன் துணியோடு வந்துவிடும். மறுபூச்சோ மறு வார்னிஷோ போட்ட கருவிக்கு விலை இறங்கவே செய்யும். உலர்ந்த மென்துணி போதும். தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளின் மரை துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்துத் திருகுங்கள். வலுக்கட்டாயமாக முறுக்கினால் கொக்கி அறுந்துபோகும். பிரடையின் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) குமிழ் பொடிந்து, பெட்டிக்குள் புளிப்பு வாடை அடித்தால் செல்லுலாய்டு சிதைகிறது என்று பொருள். அந்த ஆவி பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். கருவியை மூடிய பெட்டியில் வைக்காதீர்கள்.

தோலைப் பற்றிக் கட்டுரை வாயே திறக்கவில்லை. கருவிகள் அதிகம் கெடுவது அங்கேதான். கன்றுத் தோல் ஈரக்காற்றில் தளரும். தந்தியைத் தாங்கும் குதிரை அமிழும், தந்தி கழுத்தின் மெட்டுக் கம்பிகளில் உரசும். உடனே கொக்கிகளை முறுக்கிவிடுகிறார்கள். காற்று உலர்ந்ததும் அதே தோல் சுருங்கி ஓரத்தில் கிழிகிறது. ஈர நாட்களில் சற்று உயரமான குதிரையை மாற்றி வைப்பதே மேல். புதுத் தோல் போடும்போது குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தோலை இழுத்து இறக்கும் இழுப்பு வளையத்தை மேலேயே நிறுத்தி இலேசாக மட்டும் இறுக்கி, ஓரிரு நாள் காயவிட்ட பிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே முழுக்க இழுத்துவிட்டால் பின்னால் இறக்குவதற்கு இடமே இருக்காது.

1950களின் பிற்பகுதியில் வந்த பிளாஸ்டிக் தலையில் (தோலுக்குப் பதிலாகப் போர்த்துவது) இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய மரவளையங்களின் அளவு ஒரு சீராக இராது. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வரை அளந்துதான் வாங்க வேண்டும். எதிரெதிர்க் கொக்கிகளாக, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். தலையின் இறுக்கத்தை அளக்கும் டிரம் டயலில் 89 முதல் 91 வரை பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். போருக்கு முந்தைய கிப்சனின் ஒற்றைத் துண்டு ஃபிளாஞ்ச் (உடலைச் சுற்றிக் கொக்கிகளைப் பிடிக்கும் உலோக விளிம்பு) துத்தநாகக் கலவை வார்ப்பு என்பதால் கொக்கிகளின் இழுப்பில் மேல்நோக்கி வளைந்துவிடும், விரிசலும் விடும். வாங்குமுன் பக்கவாட்டில் கண் வைத்துப் பாருங்கள்.

1900க்கு முந்தைய பாஞ்சோக்கள் குடல் தந்திக்காகச் செய்தவை. எஃகுத் தந்தி மாட்டினால் கழுத்து வளையும். நைலான் போதும். குதிரைக்கு இடம் குறிக்க, 12ஆம் மெட்டில் தொட்டெழுப்பும் சுரமும் அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகும் வரை நகர்த்துங்கள்.

விற்பவர்கள் எந்தப் பாகம் அசல், எது மாற்று என்று எழுதியே கொடுக்க வேண்டும். கழற்றிய டெனர் கழுத்தைத் தூக்கி எறியாமல் கருவியோடு சேர்த்துக் கொடுங்கள். அதற்கும் விலை உண்டு. நாடு கடந்து அனுப்புவதானால் யானைத் தந்தப் பிரடையும் பிரேசில் ரோஸ்வுட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. தக்க அனுமதிச் சான்று இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். கட்டும்போது தந்தியைச் சற்றே தளர்த்திக் குதிரையை எடுத்துவிடுங்கள். தலையின் இழுப்பில் கை வைக்க வேண்டாம். தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கும் தோலுக்கும் நடுவே துணி மடித்து வையுங்கள், பெட்டிக்குள் பிரடைத் தலை எதிலும் இடிக்காதபடி இருபுறமும் அடைத்து, இரண்டாவது பெட்டிக்குள் இறக்கி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய தந்தி வாத்தியங்களைப் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்