யார் விடுபடுகிறார்கள் என்று பார்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. சமூக சுகாதாரப் பிரிவில் சேர்ந்த கையோடு, சுற்றுவட்டார மக்களின் சுகாதாரத் தேவைகள் என்னென்ன என்று மருத்துவமனை மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் தேவை மதிப்பீட்டை உன் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. போன அறிக்கையில் ஆண்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று பாதி விளையாட்டாகக் கேட்டிருக்கிறாய். அந்த மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லாப நோக்கற்ற மருத்துவமனைக்கு வரிவிலக்கு கொடுக்க, 1956-ல் வரித்துறை வைத்த நிபந்தனை, அது தன் நிதி வசதிக்கு ஏற்ப ஏழைகளுக்குச் சிகிச்சை தர வேண்டும் என்பது. 1969-ல் அதைத் தளர்த்தி ‘சமூகப் பயன்’ என்று பொதுவாக்கினார்கள். 2010-ல் வந்த ஒபாமாகேர் சட்டம் வரிச் சட்டத்தில் 501(ஆர்) பிரிவைச் சேர்த்து, இந்தத் தேவை மதிப்பீட்டின் மூலம் அந்தப் பயனைக் காகிதத்தில் காட்டச் சொன்னது. மதிப்பீடு செய்யத் தவறினால் 50,000 டாலர் வரி. நிலைமை மோசமானால் விலக்கே போகும். 2017-ல் ஒரு மருத்துவமனைக்குப் போனதும் உண்டு.

தேதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். மருத்துவமனையின் நிர்வாகக் குழுவான போர்டு ஏற்று, அறிக்கை இணையதளத்தில் ஏறிய நாளில்தான் மதிப்பீடு முடிந்ததாகக் கணக்கு. ‘வரைவு’ என்று போட்டு ஏற்றினால் சேராது. கண்ட தேவைகளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லும் செயல்திட்டத்தைப் போர்டு ஏற்க, அந்த நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15-ஆம் தேதி வரை அவகாசம். ஜூனில் முடியும் நிதியாண்டென்றால் நவம்பர் 15.

இனி முக்கியமான இடம்: ‘உங்கள் சமூகம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? உள்நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் வரும் ஜிப் கோடுகளை எடுத்து வட்டம் போடுவது வழக்கம். காப்பீடு உள்ளவர் இருபது மைல் தாண்டியும் மூட்டு மாற்ற வருவார். எதிர்த் தெருவில் காப்பீடு இல்லாமல் இருப்பவர் எமர்ஜென்சிக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு போய்விடுவார். உள்நோயாளிப் பட்டியலில் அவர் பெயரே இருக்காது. நோயாளிகள் வரும் பகுதியில் வாழும் ஏழைகள், சிறுபான்மையினர், மருத்துவ வசதி எட்டாதவர்களை ஒதுக்கி எல்லை போடக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஆகவே எமர்ஜென்சி வருகைகளையும் சேர்த்துப் படம் போடு. ஜிப் கோடு என்பது தபால் பட்டுவாடாவுக்காகப் பிரித்தது. ஒரே கோடுக்குள் ஆடம்பர அடுக்குமாடியும் அரசு வாடகைக் குடியிருப்பும் இருக்கும், சராசரி இரண்டையும் மறைத்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த, சுமார் 4,000 பேர் கொண்ட சென்சஸ் ட்ராக்ட் அளவுக்கு இறங்கு. அங்கே பிழை வரம்பு பெரிது என்பதால், ஒரே மாதிரியான பக்கத்து ட்ராக்ட்களைச் சேர்த்துக் கணக்கிடு. இறப்பு எண்ணிக்கை 20-க்குக் கீழே இருந்தால் அதை வைத்து விகிதம் சொல்லாதே. சில ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் ‘பிளேசஸ்’ தரவில் ட்ராக்ட் வாரியாக நீரிழிவு, ஆஸ்துமா விகிதம் அழகாக வரும். அவை அங்கே வீடு வீடாகப் போய் எண்ணியவை அல்ல; தொலைபேசி ஆய்வையும் மக்கள்தொகைத் தரவையும் வைத்து புள்ளியியல் மாடலால் போட்ட உத்தேசக் கணக்கு. எங்கே தொடங்கலாம் என்று பார்க்க உதவும். உன் திட்டத்தால் ஏதாவது குறைந்ததா என்று பார்க்க உதவாது, நீ செய்தது அந்த எண்ணுக்குத் தெரியாது. அதற்கு உன் சொந்த எமர்ஜென்சிப் பதிவுதான்: ஆஸ்துமா, நீரிழிவு, இதயச் செயலிழப்பு போல வெளியிலேயே கவனித்திருந்தால் வந்திருக்க வேண்டாத வருகைகள்.

மக்களிடம் கேட்பது அடுத்தது. பொது சுகாதாரத் துறையின் கருத்து, வசதியற்ற மக்கள் அல்லது அவர்களுக்காகப் பேசுகிறவர்களின் கருத்து, போன அறிக்கைக்கு வந்த எழுத்துக் கருத்து, மூன்றும் கட்டாயம். ஆன்லைன் படிவத்தை மட்டும் சுற்றுக்கு விட்டால் நேரமும் இணையமும் உள்ளவர்கள்தான் நிரப்புவார்கள். எட்டிலிருந்து பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், மொழிபெயர்ப்பாளர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பஸ் கட்டணம், வந்ததற்கு ஒரு கிஃப்ட் கார்டு: இவை இல்லாமல் கூட்டம் போடாதே. ‘என்ன நோய்?’ என்பதைவிட ‘போன தடவை டாக்டரைப் பார்க்காமல் விட்டது ஏன்?’ என்று கேள்.

தேவைகளை வரிசைப்படுத்த ஹேன்லன் முறையைத்தான் எடுப்பார்கள். பிரச்சினையின் அளவோடு கடுமையின் இருமடங்கைக் கூட்டி, தீர்வின் பலனால் பெருக்குவது. நீரிழிவுக்கு அளவு 8, கடுமை 6, பலன் 7 என்று வைத்தால் 140. துப்பாக்கி வன்முறைக்கு 4, 9, 3 என்றால் 66. கடுமைக்கு 9 கொடுத்தும் பாதிகூட வரவில்லை, ஏனென்றால் பலன் பெருக்கலில் நிற்கிறது. ‘இதற்கு நம்மால் என்ன செய்ய முடியும்’ என்று அறையில் ஒருவர் பெருமூச்சு விட்டாலே வீட்டு வசதியும் வன்முறையும் பட்டியலின் அடிக்குப் போய்விடும். மருத்துவமனை ஏற்கெனவே நடத்தும் கிளினிக் மேலே வந்து உட்காரும். பலனுக்கான மதிப்பெண்ணை மட்டும் தனியாக, ஆய்வுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு நாளில் போடச் சொல். எடுத்துக்கொள்ளாத தேவைக்குக் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

செயல்திட்டத்தில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்று எழுதாதே. ஆஸ்துமா என்றால்: ஓராண்டில் இரண்டு தடவைக்கு மேல் எமர்ஜென்சி வந்த குழந்தைகள் யார் யார், எத்தனை வீடுகளுக்கு சமூக சுகாதாரப் பணியாளர் போவார், மெத்தை உறை, கரப்பான் ஒழிப்பு, வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள். உணவு வங்கியின் முகவரியை அச்சடித்துக் கொடுப்பது உதவி ஆகாது. போனவர்களில் எத்தனை பேருக்குச் சாப்பாடு கிடைத்தது என்பதை எண்ணு.

எண்ணும்போது ஒப்பீட்டுக் குழு வேண்டும். நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் அடிக்கடி அட்மிட் ஆகும் நோயாளிகளைத் தேடிப் போய் கவனித்த திட்டம் நாடெங்கும் பேர் வாங்கியது. 800 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. 180 நாளில் திரும்ப அட்மிட் ஆனவர்கள், திட்டத்தில் இருந்தோரில் 62.3 சதவீதம், இல்லாதோரில் 61.7. இரண்டு பக்கமும் தானாகவே குறைந்திருந்தது. மிக மோசமான கட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் அடுத்த ஆண்டு அவர் கொஞ்சம் தேறத்தான் செய்வார். முன்-பின் ஒப்பீட்டை மட்டும் காட்டினால் அந்தப் பெருமை உங்களுக்கு வந்துவிடும்.

பணக் கணக்கு, மருத்துவமனை வரித்துறைக்குத் தரும் ஷெட்யூல் எச் படிவத்தில் போகும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு தரும் தொகைக்கும் செலவுக்கும் உள்ள பள்ளமும் அங்கே சமூகப் பயனாகவே எண்ணப்படும். மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதே. உன் பட்டியலில் உள்ள தேவைகளுக்கென்று போனது எவ்வளவு என்று நிதிப் பிரிவிடம் தனி வரியாகக் கேள். பட்ஜெட் பேசும் மாதத்துக்கு முன்பே கேட்டுவிடு. போர்டு ஏற்ற திட்டத்துக்கு அந்த ஆண்டு பட்ஜெட்டில் இடமே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

உன் எமர்ஜென்சி வருகைப் படத்தைப் போட்டதும், உள்நோயாளிப் படத்தோடு அடுத்தடுத்து வைத்துப் பார். எந்த ட்ராக்ட் ஒன்றில் இருந்து இன்னொன்றில் காணாமல் போகிறது என்று எனக்கு எழுது. அங்கிருந்து மேலே பேசலாம்.

அன்புடன்,
செல்வம்