ஆர்தர் கிரிஃபித்: ஒப்பந்தத்துக்கு முந்தைய இருபதாண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வெளியான அயர்லாந்து விடுதலைப் போராட்டக் கட்டுரையில் ஆர்தர் கிரிஃபித்தின் பெயர் ஒரே ஓர் இடத்தில், அயர்லாந்துத் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 1921 டிசம்பர் 6 அன்று லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒட்டி மட்டுமே வந்திருந்தது. 'குமரன்', 'ஊழியன்' ஆகிய ஏடுகள் வெளிவந்த காரைக்குடியில் முப்பதாண்டு அச்சுக்கோத்தவன் என்ற முறையில், அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி விடுபட்டுவிட்டதாகவே எனக்குப் பட்டது.

டப்ளினில் 1871ஆம் ஆண்டு ஓர் அச்சுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கிரிஃபித், தாமும் அத்தொழிலையே கற்றவர். தென்னாப்பிரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி, 1899இல் 'யுனைடெட் ஐரிஷ்மேன்' வார இதழைத் தொடங்கினார். ஐரிஷ் உறுப்பினர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போகாமல் டப்ளினிலேயே கூட வேண்டும், உள்நாட்டுத் தொழில்களைக் காக்க வேண்டும் என்று ஹங்கேரியை முன்மாதிரியாகக் காட்டி 1904இல் அதில் அவர் தொடராக எழுதியதே, மறு ஆண்டு 'ஷின் ஃபெயின்' கொள்கையாக உருப்பெற்றது. 'நாங்களே' என்பது அதன் பொருள். வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது அதற்கும் அடுத்த ஆண்டில்தான்.

1914இல் உலகப்போர் மூண்டபின் அரசு அவருடைய இதழை முடக்கியது. உடனே 'கத்தரிக்கோலும் பசையும்' என்று பொருள்படும் பெயரில் வேறோர் இதழைக் கொண்டுவந்தார். பிற ஏடுகளில் ஏற்கெனவே வெளியான செய்திகளை வெட்டியெடுத்தே பக்கங்களை நிரப்பினார். எந்தத் துணுக்கின் கீழ் எதைப் போடுவது என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. நான் ஒருமுறை திருமண வாழ்த்தின் கீழ் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைக் கோத்துவைத்து, பூட்டிய பக்கத்தை நள்ளிரவில் பிரித்தவன். ஆகவே அதன் வலிமை எனக்குத் தெரியும். அவ்விதழையும் 1915 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அதே ஆண்டில் 'நேஷனாலிட்டி' வந்தது.

அவர் இதழில் யூதர்களுக்கு எதிராக வந்த எழுத்துகள் வெறுக்கத்தக்கவை. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஆயுத எழுச்சியில் அவர் பங்கேற்காதபோதும் ஆங்கிலேயர் அதை 'ஷின் ஃபெயின் கலகம்' என்றே அழைத்து அவரைச் சிறையிலடைத்தார்கள் என்றால், அந்தப் பெயர் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று பாருங்கள். சிறையில் இருந்தபடியே 1918இல் கிழக்குக் கேவன் இடைத்தேர்தலில் வென்ற அவர், 1922 ஜனவரியில் ஐரிஷ் நாடாளுமன்றத்தின் தலைவராகி, ஆகஸ்ட் 12 அன்று தமது 51ஆம் வயதில் மறைந்தார்.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது அவருடைய இதழ்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
காரைக்குடி.